வீணை, தூரிகை, பைனாகுலர்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு வயது 39. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீட்டில் கணவர், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், மாமியார். கடன் தொல்லையோ பெரிய சண்டையோ எங்களுக்குள் இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் சில மாதங்களாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

புதிதாக எதையாவது கற்றுக்கொள்வதென்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும். கொரோனா ஊரடங்கில் மாடித் தோட்டம் போட்டேன். கத்தரியும் வெண்டையும் நன்றாகவே காய்த்தன. அப்புறம் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து வாட்டர் கலர் கற்றேன். அடுத்து, ஞாயிறு காலையில் பைனாகுலரோடு ஏரிக்கரைக்குப் போகும் பறவை ஆர்வலர் குழுவில் சேர்ந்தேன். நடுவில் குரோஷே என்ற கொக்கி ஊசி நூல் பின்னல், கொஞ்சம் கன்னடம். எதைத் தொட்டாலும் முதல் சில மாதங்கள் தூக்கத்தில்கூட அதே நினைப்பாக இருக்கும். பிறகு ஆர்வம் வடிந்துவிடும். தோட்டமும் பறவை பார்ப்பதும் மட்டும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன.

வீணையும் உண்டு. சிறுவயதில் கற்றது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் எல்லாம் முடித்து வர்ணத்துக்கு வந்தபோது, பத்தாம் வகுப்புத் தேர்வு என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி வரும்போது வீணையும் கூடவே வந்தது. போன வருடம் புதுத் தந்திகள் போட்டு, மெட்டுகளை (சுரத்துக்காக விரல் வைக்கும் உலோகக் கட்டைகளை) சரிசெய்து வாங்கி, மறுபடி உட்கார்ந்தேன். பழைய பாடமெல்லாம் விரலுக்கு நினைவிருக்கிறது. ஆனால் மோகன ராக வர்ணத்தில் கமகம் (சுரத்தை அசைத்து இசைப்பது) வரும் இடங்களில் தந்தியை இழுத்தால், சுரம் சேர வேண்டிய இடத்துக்குச் சேர மாட்டேன் என்கிறது. விரல் நுனி எரிகிறது. இப்போது உறை போட்டு மூடி வைத்துவிட்டேன். அந்த அறைக்குப் போனால் அதன் பக்கம் பார்க்காமல் வந்துவிடுகிறேன்.

என் நாத்தனார் 20 வருடங்களாகத் தஞ்சாவூர் ஓவியம் மட்டுமே செய்கிறார். இப்போது ஆர்டர்கள் வருகின்றன. "அவ ஒண்ணைப் பிடிச்சா பிடிச்சதுதான்" என்று அத்தை அடிக்கடி சொல்வார். என் கணவர் அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. அவரும் ஒருநாள், "எதையாவது ஒண்ணை உருப்படியா செய்யேன்" என்றார். போன மாதம் மகள் கீபோர்டு வகுப்புக்கு இனிப் போக மாட்டேன் என்றபோது, பாதியில் விடக்கூடாது என்று கண்டித்தேன். "நீங்களும்தானேம்மா எல்லாத்தையும் பாதியில விடுறீங்க" என்றாள். அன்று இரவு தூங்கவில்லை.

எதிலும் தேற 10,000 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்த ஜென்மத்தில் முடியாது. இப்படி மாறி மாறித் தாவுவது ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாட்டின் அறிகுறி என்று ஒரு ரீலில் பார்த்ததிலிருந்து அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட வேண்டுமா?

இப்படிக்கு,
திருச்சி வாசகி

•

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ரீலை ஒதுக்கிவிடுவோம். ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் முடிவுக்கு வர, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும். பொழுதுபோக்குகள் மாறுவதை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. அலுவலகக் கணக்குகளிலும் அன்றாட வீட்டுப் பொறுப்புகளிலும் சிறுவயது முதலே தடுமாற்றம் உண்டென்றால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, அந்த 10,000 மணி நேரம். 1993-இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லின் இசைக் கல்லூரி ஒன்றின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது. மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் செய்திருந்த தனிப் பயிற்சியின் சராசரி. அந்தக் குழுவிலேயே பலர் அந்த அளவை எட்டவில்லை. 2008-இல் எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் அது எல்லோருக்குமான விதிபோல ஆனது. எண்ணைவிட எரிக்சன் அழுத்திச் சொன்னது பயிற்சியின் தன்மையை: ஆசிரியர் காட்டித்தரும் பலவீனமான இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கவனம் சிதறாமல், திருத்தித் திருத்திச் செய்வது. அந்த வயலின் மாணவர்கள் சிறுவயதிலிருந்தே இசைத் தொழிலுக்காகத் தயாரானவர்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து வீணை எடுக்கும் உங்களுக்கு அவர்களுடைய மணிக்கணக்கு எதற்கு? அவர்களுடைய பயிற்சி முறை மட்டும் போதும்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். கத்தரி, வெண்டை காய்த்தது ஒரு வரி. குரோஷேயும் கன்னடமும் சேர்ந்தே ஒரு வரி. வீணைக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி! எந்த ராகம், எந்த இடத்தில் சிக்கல், விரலில் எங்கே எரிகிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். விட்டுவிட்ட குரோஷே ஊசியைப் பார்த்து நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக எழுதவில்லை. வீணையைப் பார்த்துத்தான் திருப்பிக்கொள்கிறீர்கள். உங்களை வருத்துவது ஆர்வங்களின் எண்ணிக்கை என்று நான் நினைக்கவில்லை. மிகவும் நேசிக்கும் ஒன்றின் கடினமான படிக்கட்டில் நின்றுபோன வருத்தம் அது. பட்டியலில் இருக்கும் மற்ற எல்லாவற்றின் மீதும் அந்த வருத்தத்தின் நிழல் விழுகிறது.

அந்தப் படி ஏன் கடினம் என்பது உங்களுக்கே தெரியும். வரிசைகளிலும் கீதத்திலும் பெரும்பாலும் சரியான மெட்டில் விரல் வைத்து மீட்டினால் சுரம் வந்துவிடும். வர்ணத்தில் வரும் கமகங்களுக்கோ, ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, மேலே உள்ள சுரத்தைக் காதால் தேடிப் பிடிக்க வேண்டும். அதுவரை கற்றதற்கும் இதற்கும் நடுவில் பெரிய இடைவெளி. கற்றலில் வரும் இப்படிப்பட்ட தேக்கத்தை உளவியல் வெகுகாலமாக அறியும். 1890-களில் அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் மோர்ஸ் குறியீட்டில் தந்திச் செய்தி அனுப்பவும் பெறவும் கற்பவர்களைக் கவனித்தார்கள். செய்தியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் வேகம் முதலில் ஏறியது. பிறகு பல வாரங்கள் அசையாமல் நின்றது. அப்புறம் மறுபடி ஏறியது. எழுத்தெழுத்தாகக் கேட்டவர்கள் சொல் சொல்லாகக் கேட்கப் பழகும் காலம் அது என்று அவர்கள் விளக்கினார்கள். வெளியே ஒன்றும் நடக்காததுபோல் தெரியும் வாரங்களில் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம். அந்த வாரங்களில் கூட ஓர் ஆசிரியர் இருந்தால் தாக்குப்பிடிக்கலாம். நீங்கள் தனியாக இருந்தீர்கள்.

ஆகவே என் யோசனை: வீணையை எடுங்கள். மற்றவற்றை விட வேண்டாம். அவற்றிடம் தேர்ச்சி கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

பறவை பார்ப்பதை யார் "முடிக்க" முடியும்? மாடித் தோட்டம் குழம்புக்குக் காய் தந்தால் போதாதா? நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகளிடம் இசை, ஓவியம், கைவினை போன்ற பொழுதுபோக்குகள் மற்ற விஞ்ஞானிகளைவிட அதிகமாகக் காணப்பட்டதாக ராபர்ட் ரூட்-பெர்ன்ஸ்டீன் குழுவினரின் 2008 ஆய்வு சொல்கிறது. பொழுதுபோக்கு இருந்ததால்தான் பரிசு கிடைத்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பல ஆர்வங்கள் இருந்தால் எதிலும் ஆழம் வராது என்ற பயத்துக்கு இது நல்ல பதில். அணு விஞ்ஞானி ஹோமி பாபா ஓவியம் வரைந்தார். அப்துல் கலாம் வீணை வாசித்தார். அவரை யாரும் வித்வான்களோடு ஒப்பிட்டுக் குறை சொல்லவில்லை. குரோஷேயும் கன்னடமும் உங்களுக்கு ருசி பார்த்து முடிந்தவை. மிச்ச நூலை விரும்பும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வாட்டர் கலர் பெட்டி ஓரமாக இருக்கட்டும், தோன்றினால் எடுங்கள்.

வீணைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். இது கட்டாயம். திருச்சியில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே விசாரித்தால் மாலையில் சொல்லித்தருபவர்களைப் பற்றித் தெரியவரும். "ஆரம்பத்திலிருந்து வேண்டாம், இந்த வர்ணத்தில் இந்த இடம் வரவில்லை" என்று சொல்லிச் சேருங்கள். தினமும் 20 நிமிடம் போதும். முழு வர்ணத்தையும் ஓட்டாமல், சிக்கும் இரண்டு ஆவர்த்தனங்களை (தாளச் சுற்றுகளை) மட்டும் மெதுவாக வாசியுங்கள். வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் அடித்துப் பிடித்து வாசித்தால் விரல்தான் புண்ணாகும். தினமும் கொஞ்சம் என்றால் நுனித்தோல் காய்த்துப் பழகிவிடும். உறையைக் கழற்றி, உட்கார்ந்ததும் வாசிக்கும்படி பாய் மேலேயே வையுங்கள். தைப்பொங்கல் போல ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அதுவரை விடுவதைப் பற்றிய பேச்சே வேண்டாம். அந்த நாள் வந்ததும் தொடர்வதா, நிறுத்துவதா என்று நிதானமாக முடிவு செய்யுங்கள். விரல் எரியும் ஒரு மாலையில் அந்த முடிவை எடுக்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. அத்தைக்கோ நாத்தனாருக்கோ நிரூபிப்பதற்காக வாசிக்கத் தொடங்கிவிடாதீர்கள். கனடாவின் உளவியலாளர் ராபர்ட் வாலராண்ட் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் ஈடுபாட்டை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று, விரும்பி, வாழ்க்கையின் மற்ற பகுதிகளோடு இணக்கமாகச் செய்வது. இன்னொன்று, தன் மதிப்பே அதில்தான் இருக்கிறது என்று விடாப்பிடியாகச் செய்வது. இரண்டாவது வகையில் வெட்கமும் பதற்றமும்தான் கூடுதலாகக் காணப்பட்டன. நாத்தனாரின் 20 வருட உழைப்பு மரியாதைக்குரியது. அவருக்கு ஓவியம் அமைந்தது. அது உங்களை அளக்கும் கோல் ஆக வேண்டியதில்லை.

மகள் விஷயத்தில் உங்கள் கதையையும் அவள் கதையையும் தனித்தனியாக வையுங்கள். அவள் சொன்னது குத்தியிருக்கும். அது பெரும்பாலும் கண்டிப்பிலிருந்து தப்பிக்கக் கையில் கிடைத்த பதில்தான். அவளுக்கு என்ன பிடிக்கவில்லை என்று கேளுங்கள்: கீபோர்டா, வகுப்பின் நேரமா, ஆசிரியர் பேசும் விதமா, கூடப் படிக்கும் பிள்ளைகளா? காரணத்துக்கு ஏற்றபடி முடிவு மாறும். கட்டிய கட்டணம் முடியும்வரை போய்விட்டு, அப்புறம் பேசலாம் என்று இருவரும் ஒப்புக்கொள்ளலாம். "அம்மா விட்டதை நீ விடக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கணவரிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. உருப்படியாக ஒன்றைச் செய்யச் சொன்னவர், அதற்கான நேரத்தைத் தருவதிலும் பங்கெடுக்க வேண்டும். தினமும் மாலையில் அரை மணி நேரம் அடுப்படியையும் மகளின் வீட்டுப்பாடத்தையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். கோபமாகக் கேட்க வேண்டாம், குறையாகவும் சொல்ல வேண்டாம். எந்த அரை மணி நேரம் என்று குறிப்பிட்டே கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்