எல்லைக்கல்லும் ஒரு மாதக் கெடுவும்

வணக்கம் அண்ணா,

நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். அப்பாவுக்கு அனுமதிப்பத்திரம் உள்ள வயலுக்குள் இரண்டு கிழமைக்கு முன் ஒரு திணைக்களத்தார் வந்து எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். முன்கூட்டி ஒரு கடிதம்கூட வரவில்லை. கேட்டதற்கு, மேலிடத்து உத்தரவு என்றார்கள். அரசாங்க அதிகாரிகள் மேல் எங்களைப் போன்ற சனம் வழக்குப் போடலாமா? வென்றாலும் அவர்கள் தங்கள் கையால் ஒரு சதம் கொடுப்பார்களா?

ஒரு வாசகி, முல்லைத்தீவு

அன்புத் தங்கச்சி,

போடலாம். அடிப்படை உரிமையை மீறிய அரசாங்க அதிகாரிகள் மேல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடும் உரிமையை அரசியலமைப்பின் 17ஆம், 126ஆம் உறுப்புரைகள் தருகின்றன. சொல்லாமல் கொள்ளாமல் கல் நட்டது 12(1)ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமையை மீறியது என்று வாதாட இடமிருக்கிறது. வந்த அதிகாரிகளைப் பெயரோடும் பதவியோடும் எதிர்மனுதாரர்களாகக் காட்டவேண்டும்; சட்டமா அதிபரையும் சேர்க்கவேண்டும்.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் பற்றிய அடிப்படை உரிமை வழக்கில், 2023 ஜனவரி 12 அன்று, தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் கட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லா வழக்கிலும் இப்படி நடக்காது. ஆனால் அதிகாரியே தன் கைக்காசைக் கட்டவேண்டிவரலாம் என்பதை இது காட்டுகிறது.

எனக்கு வயிறெரிவது வேறொன்றில். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும், அதுவும் கொழும்பில் உள்ள உயர் நீதிமன்றத்தில் மட்டும். வவுனியாவில் மேல் நீதிமன்றம் இருந்தும் இந்த மனுவை அங்கே நேராகப் போட முடியாது. 2009இல் போர் முடிந்தபோது மெனிக் பாம் முகாமில் கம்பிக்குள் அடைபட்டிருந்த சனம் ஒரு மாதத்தில் எந்தச் சட்டத்தரணியைத் தேடிப் போயிருக்கும்? தடுத்து வைக்கப்பட்டவர்களுக்கு நீதிமன்றம் சில வேளை கெடுவைத் தளர்த்தியிருக்கிறது, சரி. ஆனால் பஸ் காசுக்கே கடன் வாங்கும் ஒரு கமக்காரனுக்கு யார் தளர்த்துவது? இந்தக் கெடு மாற்றப்பட வேண்டும்.

அதுவரை ஒரு வழி இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கெடுவில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு. வெறும் முறைப்பாட்டுத் துண்டு போதாது என்று உயர் நீதிமன்றம் பல மனுக்களைத் தள்ளியிருக்கிறது. விசாரணை நடக்கிறது என்பதை ஆணைக்குழுவிடம் எழுத்தில் வாங்குங்கள்.

உங்களுக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது. அனுமதிப்பத்திரப் பிரதி, கல்லின் படம், நட்ட திகதி, 'மேலிடத்து உத்தரவு' என்று சொன்னவரின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு இந்தக் கிழமையே ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்துக்குப் போங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிலும் கேளுங்கள்.