தோட்டா இல்லாத துப்பாக்கி

அன்புள்ள ஐயா,

2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு சுகோய் போர் விமான அணி வந்தபோது, பிரமோஸ் ஏவுகணையைச் சுமக்கும் விமானங்கள் என்று அரசே ஊரறியச் சொன்னது. எதிரிக்கு நாமே துப்புக் கொடுக்கலாமா? இதையெல்லாம் எழுதும் பத்திரிகைகளையாவது தடுக்க வேண்டாமா?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள தம்பி,

பத்திரிகைகளைத் தடுப்பது பற்றி நீங்கள் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் வயதுக்கு அது அழகில்லை.

சுகோய் பறந்தால் நடவு வயலில் குனிந்திருக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அந்தச் சத்தத்தை எந்தக் கோப்பில் வைத்துப் பூட்டுவது? அடுத்தவன் பயப்படட்டும் என்றுதானே வாங்கினோம், அவனுக்குத் தெரியாமல் வைத்திருந்து என்ன பயன்? பொக்ரானில் அணுகுண்டுச் சோதனையை மறைத்தார்களே என்பீர்கள். 1995-ல் செய்த ஏற்பாடுகளை அமெரிக்கச் செயற்கைக்கோள் பார்த்துவிட்டதால், 1998-ல் இரவில் வேலை பார்த்தார்கள். அதுவும் வெடிக்கும் வரைதான். வெடித்த அன்றே பிரதமர் அறிவித்துவிட்டார். சரி, அதை விடுங்கள்.

எனக்குக் கொஞ்ச நாளாக உறுத்துவது வேறு.

என் தாத்தாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஆயுத பூஜையன்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திண்ணையில் சாத்துவார். தெருவே பார்த்துவிட்டுப் போகும். எங்கள் களத்தில் ஒரு மரக்கால் நெல் களவு போனதில்லை. ஒரு தை அறுவடையில் அப்பா அந்தத் துப்பாக்கியோடு காவலுக்குப் படுத்திருந்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. குழலை மடக்கிப் பார்க்கக் கூடாது என்பது தாத்தா உத்தரவு. நடுராத்திரி ஆள் அரவம். அப்பா எழுந்து குறிபார்த்துக் கத்த, வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். விடிந்ததும் மடக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. வீட்டில் தோட்டா என்பதே பல வருஷமாகக் கிடையாது. பாட்டிக்கு மட்டும் தெரியும்.

அப்பா ஒரு போகம் முழுக்கத் தாத்தாவோடு பேசவில்லை. "திருடனுக்குச் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்று எழுபது வயதிலும் சொல்வார்.

சோவியத் தலைவர் குருஷேவும் எங்கள் தாத்தா மாதிரிதான். ராக்கெட்டுகளைத் தொத்திறைச்சி போலச் செய்து தள்ளுகிறோம் என்றார். அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் படமெடுத்துப் பார்த்தால், கண்டம் விட்டுக் கண்டம் பாய்பவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன.

அவராவது எதிரியை ஏமாற்றினார். 2017-ல் நம் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை, ராணுவத்தின் 152 வகை வெடிபொருள்களில் 61 வகை பத்து நாள் சண்டைக்குக்கூடக் காணாது என்றது. இதைப் போய் வெளியே சொல்வதா என்று என் நண்பர்களே குதித்தார்கள். நீங்களும் குதித்திருப்பீர்கள். உங்கள் கடிதத்தில் 'எதிரி' வருகிறான் தம்பி, எல்லையில் காவலுக்குப் படுப்பவன் ஓரிடத்தில்கூட வரவில்லை. ஏவுகணையின் வீச்சை மறைக்கட்டும், எண்ணிக்கையை மறைக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. தோட்டா இல்லை என்பதை மறைத்தால் கடைசிவரை யாரும் தோட்டா வாங்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் வாங்கவில்லை.

அந்தத் துப்பாக்கியை ஒரு தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். அப்பா திரும்ப வாங்கப் போகவே இல்லை. ரசீது மட்டும் பீரோவில் இருக்கிறது.