திரையைப் போடுவதற்கு முன்னால்

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தொழில்நுட்பம் என்ற பெயரில் பவர்பாயின்ட் தயாரிக்கக் கற்றோம். பயிற்சிக்குச் சென்ற பள்ளியில் ஸ்மார்ட் போர்டு இருந்தும், பாடப்புத்தகத்தைப் பெரிதாக்கிக் காட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை. எப்படித் தயாராவது?
– வாசகி, மண்டபம்

பதில்: குறை உங்களிடம் இல்லை, கருவியைத் தனியாகவும் பாடத்தைத் தனியாகவும் கற்றுக்கொடுத்த முறையில் இருக்கிறது. ஒரு பாடத்தைப் புரியவைக்கும் வழிகளை அறிந்திருப்பது ஆசிரியருக்கே உரிய தனி அறிவு என்று அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் அதனுடன் தொழில்நுட்பத்தையும் சேர்த்து, பாடம், கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் கலக்கும் இடத்தில்தான் நல்ல வகுப்பு அமைகிறது என்றார்கள்.

வடக்கிலும் தெற்கிலும் கடல் உள்ள உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். பருவக்காற்றுப் பாடம் நடத்துகிறீர்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடை என்ற வடகிழக்குக் காற்று வீசும்போது வடகடல் கொந்தளிக்கும் என்பது கடற்கரைப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சு. ஆகவே முதலில் திரையைப் போடாதீர்கள். அப்பா எந்த மாதம் எந்தக் கடலுக்குப் போவார் என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள். அதன்பின், காற்று நகர்வதைக் காட்டும் அசைவு வரைபடத்தை ஜூலைக்கும் டிசம்பருக்கும் பத்தே நிமிடம் காட்டி, மன்னார் வளைகுடா எது, பாக் நீரிணை எது என்று அவர்களையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கரையில் நின்று பார்க்க முடியாத ஒன்றைக் காட்டுவதால்தான் அங்கே திரைக்கு வேலை இருக்கிறது. ஆனால் கணக்கில் பின்னப் பாடத்துக்கு மடித்த காகிதமே போதும் என்பது என் கருத்து.

இணையத்தை நம்பி வகுப்புக்குள் நுழையாதீர்கள். பாடப்புத்தகத்தின் கியூஆர் குறியீடு வழியே அரசின் தீக்ஷா கல்விச் செயலியில் கிடைக்கும் காணொளியை முதல் நாள் இரவே தரவிறக்கி, முழுவதும் பார்த்துவிடுங்கள். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் அந்த வகுப்புக்கான பாடத்திட்டத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள்.

கற்பித்தல் பயிற்சியின்போது உங்கள் வகுப்பைத் தோழி ஒருவரின் கைபேசியில், மாணவர் முகம் விழாமல், பள்ளியின் அனுமதியோடு பதிவுசெய்யுங்கள். ஒரு சிறு திறனைச் சில நிமிடம் மட்டும் நடத்திப் பழகும் நுண்நிலைக் கற்பித்தல், 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியபோது ஒளிப்பதிவுதான் அதன் முக்கியக் கருவியாக இருந்தது. நம் கல்லூரிகள் பலவற்றில் பதிவேடு தங்கிவிட்டது, பதிவு போய்விட்டது! கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருந்தீர்கள் என்பதை மட்டும் முதலில் எண்ணிப் பாருங்கள். முதல் பதிவு மனத்தைச் சோர்வடையச் செய்யலாம். அழித்துவிடாதீர்கள், மூன்றாவது பதிவோடு ஒப்பிட அது வேண்டும்.