ஐஸ்பெட்டியை எத்தனை தடவை துடைத்தாலும் நாற்றம் திரும்பி வருகிறதே, என்ன செய்வது?

மூன்று தடவை துடைத்தாயிற்று, ஆப்ப சோடாவும் எலுமிச்சையும் வைத்தாயிற்று, இரண்டே நாளில் பழையபடி நாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'இரண்டே நாளில்' என்பதுதான் துப்பு. நீங்கள் துடைக்கும் இடத்தில் நாற்றம் இல்லை. கை போகாத ஏதோ ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் தீபாவளிக்குத் தைப்பிங்கில் மாமியார் வீட்டுக்குப் போய் நான்கு நாள் இருந்தோம். அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூர் சாயங்கால இடிமழை எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏதோ ஓர் இடிக்கு எங்கள் செந்தூல் ஃபிளாட்டில் மெயின் சுவிட்ச் ட்ரிப் ஆகிவிட்டது. ஆளில்லாத வீட்டில் அதை யார் தூக்கிவிடுவது? ஃப்ரீசரில் 2 கிலோ ஆட்டிறைச்சி, ஒரு பை கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன், கொஞ்சம் இறால். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கைப் பொத்திக்கொண்டு, "புதுசே வாங்கிடலாமா?" என்றார்.

வாங்கவில்லை. நீங்கள் செய்ததையெல்லாம் நானும் செய்தேன். கோப்பித்தூள் வைத்தேன், பாண்டான் இலை வைத்தேன். பாண்டான் வாசத்தோடு அழுகிய மீன் வாசம் கலந்தால் எப்படியிருக்கும் என்பது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். கடைசியில் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "உருகின தண்ணி எங்க போச்சுன்னு பாத்தீங்களாக்கா?" என்று கேட்டபடியே பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தார்.

விஷயம் இதுதான். ஐஸ்பெட்டிக்குள் உறைபனி உருகும் தண்ணீர் ஒரு சின்னத் துளை வழியாக இறங்கி, பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலோ பக்கத்திலோ இருக்கும் தட்டில் விழும். கம்ப்ரசர் சூட்டில் அது ஆவியாகிவிடும். எங்கள் வீட்டில் ஆட்டு ரத்தமும் மீன் தண்ணீரும் அதே வழியாக இறங்கி, அந்தத் தட்டில் கதகதப்பாகக் காய்ந்து கொண்டிருந்தன. உள்ளே எத்தனை தடவை துடைத்து என்ன பயன்!

நீங்களும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே ஆரம்பியுங்கள். பின்பக்கக் கீழ்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் தட்டு தெரியும். சில மாடலில் உருவி எடுக்கலாம், சிலதில் வராது. ஸ்பாஞ்சும் சவர்க்காரச் சுடுதண்ணீரும்தான் கதி. மெல்லிய செப்புக் குழாய்கள் வளைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வகைப் பெட்டியில் தண்ணீர்த் துளை ஃப்ரீசருக்கு வெளியே, சாதாரண அறையின் பின்சுவரிலேயே தெரியும், ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரை விடலாம். நோ ஃப்ராஸ்ட் (உள்ளே பனி கட்டாத வகை) என்றால் அது ஃப்ரீசரின் உள்பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும். அதற்கு ஆள் வைத்துக் கழற்றுவதே நல்லது. அந்த வகையில் பெரும்பாலும் ஒரே விசிறிதான் மேலும் கீழும் காற்றைச் சுற்றிவிடுகிறது, அதனால் ஃப்ரீசரில் ஒட்டியிருப்பது கீழே இருக்கும் தயிரில் மணக்கும். ஐஸ் கட்டிகளையும் கொட்டிவிடுங்கள். ஐஸ் நாற்றத்தை நன்றாகவே இழுத்து வைத்துக்கொள்ளும்.

அடுத்து கதவு ரப்பரின் மடிப்பு, காய்கறி டிராயருக்கு அடியில், கண்ணாடித் தட்டின் பிளாஸ்டிக் சட்டம். கண்ணாடியைச் சட்டத்திலிருந்து உருவிப் பாருங்கள். எனக்கு அங்கே ஒரு பழுப்புக்கோடு கிடைத்தது.

எதை வைத்துக் கழுவுவது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. மீன் நாற்றத்துக்குக் காரணம் டிரைமெத்திலமைன் போன்ற காரப் பொருள்கள். புளிப்பு பட்டால் அவை உப்பாக மாறி, ஆவியாக எழும்பாமல் அடங்கிவிடும். மீனைப் புளித்தண்ணீரில் அலசும் நம் அம்மாக்கள் செய்வது இதைத்தான். ஆகவே மீன், இறைச்சி நாற்றத்துக்கு வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடையுங்கள். பால், தயிர் கெட்டுப்போன புளித்த வாடைக்குத்தான் ஆப்ப சோடா சரி. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்குமே தவிர பயனில்லை, ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். குளோராக்ஸ் மாதிரி பிளீச்சை மட்டும் வினிகர் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், விஷமான குளோரின் வாயு கிளம்பும்.

கழுவியபின் ஒரு நாள் கதவைத் திறந்தே வையுங்கள். ஆனால் எதிரே ஒரு விசிறியைப் போடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் சும்மா திறந்து வைத்தால் நாற்றம் போய்ப் பூஞ்சை வந்து சேரும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால், யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பிறகு பழைய 'மலேசிய நண்பன்' நாளிதழ்த் தாள்களைக் கசக்கி உள்ளே அடைத்து, மீன்தொட்டிக் கடையில் ஃபில்டருக்கு விற்கும் ஆக்டிவேட்டட் கரியை அகலமான தட்டில் பரப்பி வைத்தேன். ஒரு வாரத்தில் மிச்சமும் அடங்கியது. சாத்தே சுடும் கரி இந்த அளவுக்கு இழுக்காது.

டுரியான், பெலாச்சான் (இறால் விழுது) வாடை என்றால் இத்தனை பாடு வேண்டாம். அது அழுகல் இல்லை. பொருளை எடுத்துவிட்டுத் துடைத்தால் சில நாளில் தானே போய்விடும். மெல்லிய பிளாஸ்டிக் பையைத் தாண்டி அந்த வாசம் வரும், கண்ணாடி போத்தலில் இறுக்கமாக மூடுங்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரமாகியும் நாறினால், அழுகல் தண்ணீர் சுவருக்குள் இருக்கும் ஃபோமில் ஊறியிருக்கலாம். அதைக் கழுவ வழியில்லை. அப்போது எங்கள் வீட்டுக்காரர் சொன்னதுதான்.

இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் ஃப்ரீசரில் ஒரு கப் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு 20 சென் காசை வைத்துவிட்டுப் போகிறேன். திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால் இடையில் கரண்ட் போய் எல்லாம் உருகியிருக்கிறது என்று அர்த்தம், இறைச்சி நேராகக் குப்பைக்கு. போன தீபாவளிக்குத் தைப்பிங்கிலிருந்து திரும்பியதும் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் முதலில் அந்தக் கப்பைத்தான் எடுத்துப் பார்த்தார். காசு மேலேயே இருந்தது.