பழைய வக்கீல் கேஸ் கட்டைத் தர மறுக்கிறார், புதியவரை எப்படி அமர்த்துவது?

கேள்வி: என் அண்ணன் பாகப்பிரிவினை கேட்டு சிவில் வழக்குப் போட்டிருக்கிறார். சம்மன் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு வக்கீலுக்கு வக்காலத்து கொடுத்தேன். இன்னும் பதிலுரை தாக்கல் செய்யவில்லை, போனும் எடுப்பதில்லை. பாக்கி பீஸ் கட்டினால்தான் கேஸ் கட்டைத் தருவோம் என்கிறார் அவருடைய குமாஸ்தா. வேறு வக்கீல்களோ பழையவரிடம் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்கி வரச் சொல்கிறார்கள். என்னிடம் பணமும் இல்லை.

பதில்: சகோதரி, வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் வழக்கு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். சம்மனில் உள்ள வழக்கு எண்ணை ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரிந்துவிடும். பதிலுரைக்குச் சட்டம் தரும் காலம் சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள். தக்க காரணம் சொன்னால் நீதிமன்றம் அதே தேதியிலிருந்து மொத்தம் 90 நாள் வரை அனுமதிக்கலாம். ஆக, உங்களுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. என்னைக் கவலைப்பட வைப்பது அந்த அவகாசம்தான், பீஸ் பாக்கி அல்ல. ஏற்கெனவே உங்களை எக்ஸ்பார்ட்டி (ஆஜராகாதவர்) ஆக்கியிருந்தால் அதை நீக்கக் கோரி உடனே மனு போட வேண்டும். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பே வந்திருந்தால், அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான்.

கட்டு விஷயத்தில் நீங்கள் பயப்படவே வேண்டாம். பீஸ் பாக்கியைக் காட்டி கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. பாக்கி நியாயமானதென்றால் அவர் தனியாக வசூலித்துக்கொள்ளட்டும். கட்டைத் திருப்பித் தருமாறும், வக்காலத்தை முடித்துக்கொள்வதாகவும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தபால் ரசீதையும் கடித நகலையும் பத்திரமாக வைத்திருங்கள். அப்படியும் அவர் சம்மதம் தராவிட்டால், வக்கீலை மாற்ற அனுமதி கேட்டு நீதிமன்றத்தில் மனு போடலாம். என்ஓசி கிடைத்தால் வேலை சுலபம், அவ்வளவுதான். அது இல்லை என்பதற்காக யாரும் உங்களை வக்கீல் இல்லாமல் நிற்க வைக்க முடியாது. கட்டு வரத் தாமதமானாலும் வழக்குரையின் (உங்கள் அண்ணன் தாக்கல் செய்த மனுவின்) நகலை நீதிமன்றத்தில் மனு செய்து வாங்கிவிடலாம்.

அப்புறம் பணம். நீங்கள் பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச சட்ட உதவி கேட்கத் தகுதி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். சம்மன், வழக்குரை, அடையாள அட்டையோடு போய் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அவர்கள் நியமிக்கும் வக்கீலுக்கு நீங்கள் பீஸ் தர வேண்டியதில்லை. "இலவசம்தானே, ஏனோதானோ என்று நடத்துவார்கள்" என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நாளைக் கடத்திவிடாதீர்கள்.

சொந்தமாக அமர்த்துவதானால், சிவில் வழக்கை வழக்கமாக நடத்துபவரைப் பாருங்கள். வழக்குரையைக் கையில் கொடுத்து, எந்தப் பத்தியை மறுப்பீர்கள், எதற்கு என்ன ஆவணம் வேண்டும் என்று கேளுங்கள். படிக்காமலே "ஜெயித்துவிடலாம்" என்பவர் வேண்டாம். சொத்தில் இத்தனை சதவீதம் பீஸ் என்று பேசுபவரும் வேண்டாம், பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன. இந்த முறை மூலப்பத்திரங்களைக் கொடுக்காமல் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

வாய்தா தேதிக்குள் யாரும் அமையவில்லையா? நீங்களே நேரில் போய், பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று, வக்கீல் மாற்ற அவகாசம் வேண்டும் என்று நீதிபதியிடம் சொல்லுங்கள். அந்தப் பதிவுத் தபால் கடிதத்தின் நகல் அன்று கையில் இருக்கட்டும்.