ரோபோவும் மீன் முட்டையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

காசநோய் ஆராய்ச்சியில் மீன் கருக்களுக்கு ரோபோ ஊசி போடுகிறது என்று போன வாரம் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். மீனுக்கு நுரையீரலே கிடையாதே, அதில் காசநோயை எப்படிப் பார்ப்பது? அப்புறம், என் மகள் ஆய்வகத்தில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து செய்யும் வேலை இது. அதையும் இயந்திரம் பறித்துக்கொண்டால் அவள் எதைக் கற்றுக்கொள்வாள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நுரையீரல் இல்லைதான். ஆனால் வரிக்குதிரை மீனுக்கு மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமியால் நோய் வரும். நம் காசநோய்க் கிருமிக்கு அது நெருங்கிய சொந்தம். கிருமியை விழுங்கும் செல்கள் அதைச் சுற்றி மொய்த்துக் கட்டியாவது இங்கும் நடக்கிறது. கரு கண்ணாடி போல இருப்பதால் அதை உயிரோடு வைத்தே நுண்ணோக்கியில் பார்க்கலாம். 2002இல் அப்படிப் பார்த்துக் காட்டியது லலிதா ராமகிருஷ்ணனின் குழு. (சிதம்பரத்தில் பிறந்து நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை.)

ரோபோ வந்தது நெதர்லாந்தின் லைடனில், ஹெர்மன் ஸ்பைங்கின் குழுவிடம். மணிக்கு 2000 கரு வரை ஊசி போடும். எனக்கு அந்த வேகத்தைவிட, அதற்காக அவர்கள் வேலையையே மாற்றிக்கொண்டதுதான் சுவாரசியம். கையால் போடுகிறவர்கள் ஒரு நாள் தாண்டிய கருவை மயக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாலருகே ரத்தக்குழாயில் குத்துவார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கிடக்கும். இயந்திரத்துக்கு அது தலைவலி. அதனால் முட்டை சில செல்களாகப் பிரிந்திருக்கும்போதே, அகரோஸ் என்ற ஜெல்லி போன்ற பொருளில் செய்த குழிகளில் வரிசையாக உட்காரவைத்து, மஞ்சள் கருவில் போட்டுவிடுகிறார்கள். மஞ்சள் கரு பெரிய உருண்டை, எப்படிக் கிடந்தாலும் ஊசி தப்பாது. சரி, வழியை மாற்றினால் நோயும் மாறிவிடாதா? கிருமி மஞ்சள் கருவில் பெருகி, பிறகு உடலுக்குள் பரவி, அங்கேயும் கட்டிகளை உண்டாக்குகிறது என்று 2011இல் காட்டிய பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இன்னொரு சிக்கல், ஊசிக்குள் கிருமி அடியில் தங்கிவிடும். கலக்காத ரசத்தில் முதல் கரண்டியும் கடைசிக் கரண்டியும் ஒன்றா? அதற்காக பாலிவினைல்பைரோலிடோன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துக் கரைசலைக் கொஞ்சம் கெட்டியாக்குகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க, கையால் ஊசி போட்டுச் சலித்த ஒருவர் வேண்டும்.

மகளுக்கு வேலை நிறையவே மிச்சமிருக்கிறது. முந்தின சாயங்காலமே ஆண் மீனையும் பெண் மீனையும் நடுவே தடுப்பு வைத்துத் தொட்டியில் விடவேண்டும், காலையில் விளக்கு எரிந்ததும், அவை முட்டையிடத் தடுப்பை எடுக்கவேண்டும். கரு செத்தது கிருமியாலா, ஊசி கிழித்ததாலா என்று தட்டைப் பார்த்துச் சொல்லவேண்டும். ஒரு குறையும் உண்டு. தடுப்பூசி வேலை செய்ய, கிருமியை நினைவில் வைத்துக்கொள்ளும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் வேண்டும்; இந்த வயதில் கருவுக்கு அவை தயாராகியிருக்காது. அதனால் மருந்தைச் சோதிக்கலாம், தடுப்பூசிக்கு இது உதவாது.

அவள் எங்கே குத்துகிறாள், ரத்தக்குழாயிலா, மஞ்சள் கருவிலா? கேட்டு எழுதுங்கள்.