ஒவ்வோர் எழுத்தொலிக்கும் ஒரு நரம்பணு உண்டா?

கேள்வி: பேச்சைக் கேட்கும்போது ‘க’வுக்கு ஒன்று, ‘ம’வுக்கு ஒன்று எனத் தனித்தனி நரம்பணுக்கள் மூளையில் இயங்குகின்றனவா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: இல்லை. செவிப்புலப் பாதையின் நரம்பணுக்கள் எழுத்தொலிகளுக்கு ஒன்றுக்கு ஒன்றாக ஒதுக்கப்பட்டவை அல்ல. ஒலியின் ஏதோ ஒரு பண்புக்கே அவை துலங்குகின்றன.

உட்செவியில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் காக்ளியாவிலுள்ள மென்சவ்வு, அடிப்பகுதியில் உயர் அதிர்வெண்களுக்கும் உச்சியில் தாழ்ந்தவற்றுக்கும் மிகுதியாக அசைகிறது. ஏறத்தாழ 3,500 உள் மயிர்ச்செல்கள் இந்த அசைவை மின்குறிப்பாக மாற்ற, சுமார் 30,000 இழைகள் கொண்ட செவி நரம்பு அதை மூளைத்தண்டுக்குக் கொண்டு செல்கிறது. ஓர் ஆண் ‘ஈ’ என்னும்போது ஒலியாற்றல் 300, 2,300 ஹெர்ட்ஸ் அருகிலும், ‘ஆ’ என்னும்போது 700, 1,200 ஹெர்ட்ஸ் அருகிலும் குவிவதால், இரண்டு உயிரொலிகளுக்கும் வெவ்வேறு இழைகள் மும்முரமாகத் துடிக்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. உரத்த ஒலியில் பெரும்பாலான இழைகள் தம்மால் இயன்ற உச்ச வேகத்தைத் தொட்டுவிடுவதால், துடிப்புகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் உயிரொலியின் உருவம் மங்கிவிடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மரே சாக்ஸும் எரிக் யங்கும் 1979இல் பூனையின் செவி நரம்பில் இதைக் காட்டினர். ஆனால் துடிப்புகள் ஒலியலையின் ஏற்ற இறக்கத்தோடு காலம் தவறாமல் இணைந்து வருவதால், அந்தக் கால ஒழுங்கில் உயிரொலி தெளிவாகவே எஞ்சியிருந்தது. எத்தனை முறை என்பதைவிட எப்போது என்பதே இங்கு முக்கியம் என்பேன்.

மூளையின் வெளியடுக்கான மூளைப்புறணியில் கதை மாறுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் எட்வர்ட் சாங்கின் குழு, வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையின் மேல் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த 6 பேரிடம் ஆங்கில வாக்கியங்களை ஒலிக்கச் செய்து, பேச்சொலியைக் கையாளும் பக்கவாட்டுப் பகுதியான மேல் பொட்டு மடிப்பின் துலங்கலைப் பதிவு செய்தது. 2014இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஓரிடம் ‘ப’, ‘க’ போன்ற வெடிப்பொலிகள் அனைத்துக்கும், இன்னோரிடம் ‘ஸ’ போன்ற உரசொலிகளுக்கும், வேறோரிடம் ‘ம’ போன்ற மூக்கொலிகளுக்கும் துலங்கியது. வல்லினம், மெல்லினம் என்று படித்து வளர்ந்த நமக்கு இந்தப் பாகுபாடு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. எனினும் ஒரு மின்முனை பல நரம்பணுக்களின் கூட்டு மின்குறிப்பையே பதிவு செய்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் புறணியின் ஆழம் நெடுக 685 தனி நரம்பணுக்களைப் பதிவு செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே இடத்தின் வெவ்வேறு அடுக்குகளில்கூட வெவ்வேறு பண்புகளுக்குத் துலங்கும் அணுக்கள் அருகருகே காணப்பட்டன.

கேள்வி: அப்படியானால் விலங்குகளும் பேச்சொலிகளைப் பிரித்தறியுமா? (சேலம் வாசகர்)

பதில்: ஓரளவு அறியும். ஆங்கிலத்தில் ‘டா’வின் மெல்லொலியையும் (da) வல்லொலியையும் (ta) பிரிப்பது, நாக்கு விடுபட்டதற்கும் குரல்நாண் அதிரத் தொடங்குவதற்கும் இடையிலுள்ள சில பத்து மில்லிவினாடிகளே. தென் அமெரிக்கக் கொறிவிலங்கான சின்சில்லாவைப் பாட்ரீசியா கூலும் ஜேம்ஸ் மில்லரும் பயிற்றுவித்து 1975இல் வெளியிட்ட ஆய்வில், அது எல்லை வகுத்த இடம் ஆங்கிலம் பேசுவோர் வகுக்கும் இடத்தோடு ஏறத்தாழ ஒத்திருந்தது.